ரிப்போர்ட் எல்லாம் நார்மல், உடம்பு மட்டும் சரியில்லை: முன்னாள் படைவீரர்களுக்கு ஒரு தொடக்க விளக்கம்

பதினைந்து, இருபது வருடம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர் காரணம் பிடிபடாத நோவோடு அலையும்போது கேட்பது ஒரே கேள்விதான்: "எனக்கு ஏன் இப்படி?" பிரித்துப் பார்த்தால் அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. இது என்ன நோய்? இது எதனால் வந்தது? இதற்குப் பட்டாளப் பணி பொறுப்பா? முதல் கேள்விக்கு மருத்துவர் பதில் சொல்வார். இரண்டாவதற்கு ஆராய்ச்சியாளர்கள் பதில் சொல்வார்கள். அதுவும் தனி ஒருவரைப் பார்த்து அல்ல, ஆயிரக்கணக்கானவர்களை ஒப்பிட்டு. மூன்றாவதற்குப் பதில் ராணுவ மருத்துவ வாரியம், மேல்முறையீட்டுக் குழு, தீர்ப்பாயம் ஆகிய இடங்களில் கிடைக்கும்.

வருடக்கணக்கில் அலைச்சல் நீள்வதற்கு முக்கியக் காரணம், கேள்வி ஆள் மாறிப் போவதுதான். முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ்.ஸின் நாகர்கோவில் பாலிகிளினிக்கில் இருக்கும் டாக்டரிடம் "சார், இது சர்வீஸால வந்ததுன்னு எழுதித் தாங்க" என்று கேட்டால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. 2003 ஏப்ரல் 1 அன்று தொடங்கிய அந்தத் திட்டம் சிகிச்சைக்கானது. பணியோடு நோய்க்குத் தொடர்பு உண்டா என்று தீர்மானிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. மாறாக, மருத்துவ வாரியத்தின் முன் போய் "எனக்கு என்ன நோய்னே தெரியல சார்" என்று நின்றால், பெயர் இல்லாத நோய்க்கு அங்கே பாதிப்புச் சதவீதம் போட வழியில்லை. முதல் கேள்விக்கு ஓரளவாவது பதில் வாங்கிக்கொண்டுதான் மூன்றாவதற்குப் போக வேண்டும். இரண்டாவதற்கு முழுப் பதில் கிடைக்காமலே போகலாம். அது கிடைக்காவிட்டாலும் மூன்றாவதில் வெல்ல இடம் இருக்கிறது. பலருக்கும் தெரியாத செய்தி இதுதான்.

இது என்ன நோய்?

ஒரு சோதனை 'நார்மல்' என்று வந்தால், அந்தச் சோதனை எதைத் தேடியதோ அது கிடைக்கவில்லை என்று பொருள். அதற்கு மேல் பொருள் கொள்ளக்கூடாது. படுக்கவைத்து எடுக்கும் இசிஜி, எழுந்து நிற்கும்போது நாடித்துடிப்பு எகிறுவதைக் காட்டாது. நரம்புக் கடத்தல் சோதனை பெரிய நரம்புகளை மட்டும் அளக்கும். எரிச்சலையும் சூட்டையும் கொண்டுசெல்லும் நுண்ணிய நரம்பிழைகள் அதில் அகப்படாது. அதனால் இரவெல்லாம் உள்ளங்கால் தீயாய் எரிகிறவருக்கும் அந்த ரிப்போர்ட் சுத்தமாக வரலாம்.

முதலில் செய்ய வேண்டியது, கண்டுபிடித்தால் சரிசெய்யக்கூடியவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து விலக்குவது. மாதக்கணக்கில் தளர்ச்சி என்றால் ரத்த அணுக்களின் எண்ணிக்கை, தைராய்டு, மூன்று மாதச் சர்க்கரை அளவு, வைட்டமின் பி12, வைட்டமின் டி, சிறுநீரகம், கல்லீரல், அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., மஞ்சள்காமாலை பி மற்றும் சி ஆகியவை அடிப்படை. இவற்றில் பி12 அடிக்கடி விட்டுப்போகிறது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையலாம். பாதம் மரத்துப்போவதைச் சர்க்கரையின் தலையில் கட்டிவிட்டு மாத்திரையின் அளவைக் கூட்டுவார்கள், குறைபாடு இன்னும் கூடும். கொழுப்புக்குத் தரும் ஸ்டாட்டின் மாத்திரையால் தொடையும் தோளும் வலிக்கலாம்; அதற்கு சி.பி.கே. என்ற ரத்தச் சோதனை உதவும். குறட்டை, காலையில் தலைவலி, பகலில் எங்கே உட்கார்ந்தாலும் தூக்கம் என்றால் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று தூக்கச் சோதனை செய்ய வேண்டும். காலையில் எழும்போது இடுப்பு இறுகி, நடக்க நடக்க இளகினால் அது வெறும் 'பட்டாள முதுகு' இல்லை. மூட்டுவாத மருத்துவர் பார்க்க வேண்டிய முதுகெலும்பு அழற்சியாக இருக்கலாம்.

இரண்டு விஷயங்களை ஆண்கள் டாக்டரிடம் மறைக்கிறார்கள். ஒன்று கேண்டீன் ரம். தினம் எவ்வளவு, எத்தனை வருடமாக என்று உள்ளபடி சொல்ல வேண்டும். மது பாதநரம்புகளை நேரடியாகவே அரிக்கும். மற்றொன்று நாட்டு மருந்து. வர்ம மரபு ஆழமாக வேர்விட்ட மாவட்டம் நம் கன்னியாகுமரி. தடவலும் தைலமும் தசை வலிக்குச் சுகம் தருவதாகப் பலர் சொல்கிறார்கள், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. சிக்கல் வருவது லேபிள் இல்லாத பொடியிலும் பற்பத்திலும்தான். சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும்: சாப்பிடும்வரை தேவாமிர்தம், நிறுத்தினால் எழுந்திருக்க முடியாத தளர்ச்சி. சிலவற்றில் ஈயம் இருக்கும்: வயிற்றுவலி, ரத்தசோகை, மணிக்கட்டில் பலமின்மை. ரத்தத்தில் ஈயத்தை அளக்கத் தனிச் சோதனை உண்டு; கேட்டால்தான் எழுதுவார்கள்.

டாக்டரிடம் சொல்லும் சொல்லையும் கவனிக்க வேண்டும். நம் ஊரில் 'மேலுவலி' என்று ஒரே சொல்லில் எல்லாவற்றையும் சொல்லிவிடுவோம். ஆனால் உளைச்சல் வேறு, கடுப்பு வேறு, எரிச்சல் வேறு, தரிப்பு வேறு. விளவங்கோட்டுக்காரர் 'தரிப்பு' என்றால் சென்னையில் படித்துவந்த இளம் டாக்டருக்குப் புரியாது. 'மரத்துப்போய் எறும்பு ஊர்கிற மாதிரி' என்று விரித்துச் சொல்ல வேண்டும். உளைச்சல் தசையையும் மூட்டையும் நோக்கிக் கைகாட்டும். எரிச்சலும் தரிப்பும் நரம்பை நோக்கிக் கைகாட்டும். தவறான சொல் தவறான துறைக்கு அனுப்பிவிடும்.

துறைக்கு அனுப்புவதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. பாலிகிளினிக் பரிந்துரை துறைவாரியாகப் போகும். முதுகுக்கு எலும்பு டாக்டர், தலைசுற்றலுக்குக் காது டாக்டர், தூக்கமின்மைக்கு மனநல டாக்டர். மூன்று பேரும் தத்தம் பங்கைப் பார்த்துவிட்டு 'ஒன்றுமில்லை' என்பார்கள். மூன்றையும் சேர்த்துப் பார்க்க ஆள் இருக்காது. ஆகவே முதல் பரிந்துரையைப் பொது மருத்துவ நிபுணருக்குக் கேட்டு வாங்குவதும், மற்றத் துறைகளின் சீட்டுகளை அவரிடமே திரும்பக் கொண்டுவருவதும் நல்லது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இதே வழிதான்.

எழுந்து நின்றால் கிறுகிறுப்பு, படபடப்பு இருப்பவர்கள் வீட்டிலேயே ஒரு அளவெடுப்பு செய்யலாம். வேண்டியது கையில் கட்டும் பி.பி. கருவி, ஒரு நோட்டு, பக்கத்தில் ஒரு ஆள். காலையில் டீ குடிக்கும் முன் 10 நிமிடம் படுத்திருந்து பி.பி.யையும் நாடியையும் குறிக்கவும். பிறகு எழுந்து, குதிகாலைச் சுவரிலிருந்து அரை அடி தள்ளி வைத்து, முதுகை லேசாகச் சாய்த்து, பேசாமல் அசையாமல் நிற்கவும். 1, 3, 5, 10 ஆம் நிமிடங்களில் மறுபடியும் குறிக்கவும். கண் இருண்டால் உடனே உட்கார்ந்துவிட வேண்டும். 10 நிமிடம் முடித்தே ஆக வேண்டும் என்ற வீம்பு வேண்டாம். மேல் அழுத்தம் 20 அல்லது கீழ் அழுத்தம் 10 விழுந்தால் அது ஒரு வகை, பி.பி. மாத்திரையும் புராஸ்டேட்டுக்குத் தரும் டாம்சுலோசின் போன்றவையும் இதற்குக் காரணமாகலாம். பி.பி. விழாமல் நாடி மட்டும் 30க்கு மேல் ஏறி அப்படியே நின்றால் அது வேறு வகை. இரண்டுமே படுக்கவைத்து எடுத்த இசிஜியில் தெரியாதவை. எதைக் கண்டாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் நோட்டை டாக்டரிடம் காட்டுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒன்றும் அகப்படாதவர்கள் உண்டு. அவர்களுக்கும் பெயர் உண்டு. உடம்பின் பல பகுதிகளில் 3 மாதத்துக்கு மேல் வலி, தெளியாத தூக்கம், தளர்ச்சி என்றால் ஃபைப்ரோமயால்ஜியா. வலிக்கும் இடங்களை எண்ணி, அறிகுறிகளுக்கு மதிப்பெண் போட்டு முடிவு செய்யும் முறை இருக்கிறது. 6 மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வேலையையே முடக்கும் தளர்ச்சி, சிறு உழைப்புக்கும் மறுநாளோ அதற்கு மறுநாளோ ஆளைச் சாய்த்துவிடும் நலிவு, தூங்கியும் தெளியாத உடம்பு, கூடவே மறதியோ நிற்க முடியாமையோ இருந்தால் அது நாட்பட்ட களைப்பு நோய். இரண்டையும் ரத்தச் சோதனை காட்டாது. கேள்வி கேட்டு, விவரம் வாங்கித்தான் கண்டறிய முடியும்.

நாட்பட்ட களைப்பு நோயில் பட்டாளப் பழக்கமே எதிரி. "வேர்க்க வேர்க்க ஓடினா சரியாயிடும்" என்று காலையில் ஓடுகிறவர் இரண்டு நாள் படுக்கையில் கிடப்பார். கொஞ்சம் கொஞ்சமாக உடற்பயிற்சியைக் கட்டாயம் கூட்டிக்கொண்டே போகும் சிகிச்சையை பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல் வகுக்கும் நைஸ் அமைப்பு 2021 இல் இந்த நோய்க்குக் கைவிட்டுவிட்டது. இப்போது சொல்லப்படுவது, உடம்பு தாங்கும் எல்லைக்கு உள்ளேயே வேலையைப் பங்கிடுவது: தோட்டத்தில் ஒரு மணி நேரம் முடிகிறது என்றால் நாற்பது நிமிடத்தில் நிறுத்துவது, நல்ல நாளிலும் அதே நாற்பதுதான்.

மனநலம் பற்றி ஒரு சொல். மனச்சோர்வும், போரில் பட்ட அதிர்ச்சியின் தொடர்ச்சியும் உடம்பு நோவோடு சேர்ந்தே வரும். அவற்றுக்குச் சிகிச்சை எடுத்தால் வலியும் கொஞ்சம் குறையும். மனநல டாக்டரிடம் அனுப்பினால் 'கிறுக்கன்னு முத்திரை குத்திட்டாங்க' என்று கோபித்துக்கொண்டு ஃபைலை மூடிவிடுவது வீண்.

எதனால் வந்தது?

சில நோய்கள் காரணத்தைத் தங்கள் மேலேயே எழுதிவைத்திருக்கும். பீரங்கிப் படையில் இருந்தவரின் காது கேட்கும் வரைபடத்தை எடுத்தால், 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளம் விழுந்து, 8,000இல் மறுபடியும் கொஞ்சம் மேலே ஏறும். அது சத்தத்தின் கைரேகை. வயதால் வரும் செவிட்டுத்தன்மையில் கோடு சரிந்துகொண்டே போகும், மேலே ஏறாது. தளர்ச்சிக்கும் உடம்பு வலிக்கும் இப்படிப்பட்ட கைரேகை கிடையாது. சிக்கலின் மூலமே இதுதான்.

கைரேகை இல்லாத நோயை உலகம் எப்படிக் கையாண்டது என்பதற்கு வளைகுடாப் போர் பெரிய பாடம். 1990-91 இல் அமெரிக்கா அங்கே அனுப்பியவர்கள் ஏறத்தாழ 7 லட்சம் பேர். திரும்பி வந்தவர்களில் குறைந்தது நான்கில் ஒருவருக்குத் தளர்ச்சி, மூட்டுவலி, மறதி, வயிற்றுக் கோளாறு என்று கலவையாக நீடித்தது. முதல் பல வருடங்கள் 'மன அழுத்தம்' என்றே ஒதுக்கினார்கள். 1998 இல் ஒரு வரையறை வந்தது: தளர்ச்சி, மனநிலையும் நினைவாற்றலும், தசை-மூட்டு வலி என்ற மூன்று தொகுதிகளில் இரண்டிலாவது 6 மாதத்துக்கு மேல் அறிகுறி. இந்த நோய் உண்மையானது என்று அரசின் ஆலோசனைக் குழு திட்டவட்டமாக எழுதியது 2008 இல். அந்த அறிக்கை கைகாட்டியது இரண்டை: நச்சுவாயுவுக்கு முன்காப்பாகக் கொடுத்த பிரிடோஸ்டிக்மின் மாத்திரை, முகாம்களில் அடித்த பூச்சிமருந்து. 2022 இல் வந்த ஓர் ஆய்வு, சாரின் நச்சுவாயுவை உடைக்கும் நொதி மரபிலேயே பலவீனமாக இருந்தவர்களுக்கு ஆபத்து கூடுதல் என்று காட்டியது. பிரிடோஸ்டிக்மின், சாரின், ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து மூன்றும் நரம்பில் ஒரே நொதியைத் தடுப்பவை என்பது இதை இன்னும் யோசிக்கவைக்கிறது.

நிவாரணத்தில் அமெரிக்கா செய்த காரியம் கவனிக்கத்தக்கது. அந்தப் போர்முனையில் பணியாற்றியவருக்கு விளக்கமில்லாத பல்லறிகுறி நோய் 6 மாதம் நீடித்தால், அது பணியால் வந்ததாகவே வைத்துக்கொள்வார்கள். காரணத்தை நிரூபி என்று நோயாளியை நெருக்குவதில்லை. இந்திய விதிகளில் 'விளக்கமில்லாத நோய்' என்று அப்படி ஒரு தனிப் பிரிவு இல்லை. இணையத்தில் அமெரிக்கச் செய்திகளைப் படித்துவிட்டு அதே உரிமை இங்கும் உண்டு என்று மனுவில் எழுதுவது பலன் தராது.

நம் பட்டாளத்தில் யோசித்துக் குறிக்க வேண்டியவை வேறு. 1984 முதல் சியாச்சின், அதையொட்டி லடாக் உயரங்கள்: குளிரால் கைகால் விரல்கள் கருகாமல் போயிருந்தாலும், நனைந்த பூட்ஸோடு நாள்கணக்கில் நின்றதால் வரும் நரம்புப் பாதிப்பு வருடங்கள் கழித்தும் குளிர்பட்டால் வலிக்கும். பங்கருக்குள் குளிர்காயும் மண்ணெண்ணெய் அடுப்பான புகாரியின் புகையும் கார்பன் மோனாக்சைடும். கண்ணிவெடி, பீரங்கி அதிர்வு; மயங்கி விழாவிட்டாலும் தலைக்குள் அடிபடலாம். வடகிழக்கில் மலேரியாவும் உண்ணிக்காய்ச்சலும். கோவேறு கழுதைப் படையிலோ ராணுவப் பால்பண்ணையிலோ இருந்தவருக்கு விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் முதுகுவலியும் இருந்தால் புரூசெல்லா சோதனை. மலேரியாவுக்கு மெஃப்லோகுயின் சாப்பிட்டிருந்தால் அதையும் குறிக்கவும். அதன் தலைசுற்றலும் காது இரைச்சலும் மருந்தை நிறுத்திய பின்னும் தொடரலாம் என்று அமெரிக்க மருந்துத் துறை 2013 இல் கடும் எச்சரிக்கை சேர்த்தது. உயரத்தில் ஏறிய ஹீமோகுளோபின் கீழே வந்த சில வாரங்களில் இறங்கிவிடும். ஊருக்கு வந்து பத்து வருடம் கழித்தும் அது அதிகமாக இருந்தால் சியாச்சினைக் குறை சொல்லாமல் புகைபிடித்தல், தூக்கத்தில் மூச்சுத்தடை, எலும்பு மஜ்ஜை என்று வேறு இடத்தில் தேட வேண்டும்.

ஊருக்கு வந்தபின் பட்டதையும் அதே நேர்மையோடு எழுதுங்கள். வாழைக்கு வைத்த குருணை மருந்து, ரப்பர் பாலை உறையவைக்கும் ஆசிட், ஷீட் உலர்த்தும் புகைக்கூடு. 2006-07 இல் கேரளமும் தமிழகமும் பார்த்த சிக்குன்குனியா; அதன் மூட்டுவலி சிலருக்கு வருடக்கணக்கில் இழுத்தது. மணவாளக்குறிச்சி மணலைப் பலர் சந்தேகிக்கிறார்கள். அந்தக் கரையில் தோரியம் கலந்த மோனசைட் இருப்பதும் இயற்கைக் கதிர்வீச்சு கூடுதல் என்பதும் உண்மைதான்; ஆனால் இதைவிடக் கடுமையான கருநாகப்பள்ளியில் நடந்த பெரிய ஆய்வில் புற்றுநோய்கூட மிகுதியாகத் தென்படவில்லை. தளர்ச்சிக்கு அதைக் காரணம் சொல்வது கடினம். இதையெல்லாம் நீங்களே சொல்லிவிட்டால் எதிர்த்தரப்பு பிறகு கண்டுபிடித்து ஆயுதமாக்க முடியாது.

பணி பொறுப்பா?

வாரியத்தின் மொழியில் இரண்டு சொற்கள் முக்கியம். 'பணியால் விளைந்தது', 'பணியால் முற்றியது'. முதலாவது, நோயே பணிச் சூழலால் வந்தது. இரண்டாவது, நோய் வேறு எதனாலோ வந்தது, பணி அதை மோசமாக்கியது. இரண்டில் ஒன்று போதும். இரண்டும் இல்லை என்றால் வாரியத் தாளில் ஆங்கில முதலெழுத்துகளாக 'நானா' (Neither Attributable Nor Aggravated) என்று போடுவார்கள். "நானா போட்டு அனுப்பிட்டாங்க" என்பது முன்னாள் படைவீரர்கள் மத்தியில் தெரிந்த பேச்சு. தமிழில் படித்தால் குற்றம் சாட்டப்பட்டவன் கேட்பதுபோலவே இருக்கிறது.

ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்குப் பொதுவாக இன்னொரு நிபந்தனை, பாதிப்பு 20 சதவீதமாவது இருக்க வேண்டும். 15-19 என்று போட்டு வாசலிலேயே நிறுத்தப்பட்டவர்கள் நிறைய. இந்தச் சதவீதத்தை எதிர்ப்பது வேறு, 'நானா'வை எதிர்ப்பது வேறு. மனுவில் இரண்டையும் தனித்தனிப் பத்தியில் எழுத வேண்டும். 50க்குக் கீழே உள்ளதை 50 ஆகவும், 50 முதல் 75 வரை உள்ளதை 75 ஆகவும், அதற்கு மேலே 100 ஆகவும் முழுமையாக்கும் உரிமையை, இயல்பாகப் பணிக்காலம் முடித்து வந்தவர்களுக்கும் உச்ச நீதிமன்றம் 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உறுதிசெய்தது.

காரணம் தெரியாத நோய்க்கு வழிகாட்டும் தீர்ப்பு தர்மவீர் சிங் வழக்கு, 2013 ஜூலை. சிக்னல்ஸ் படையில் 1985 இல் சேர்ந்த சிப்பாய், வலிப்பு நோயால் 20 சதவீதப் பாதிப்போடு 1994 இல் வெளியே அனுப்பப்பட்டார். பணிக்குத் தொடர்பில்லை என்றது வாரியம். ஏன் என்று சொல்லவில்லை. உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம்: சேரும்போது எடுத்த மருத்துவக் குறிப்பில் அந்த நோய் இல்லையென்றால் அவர் நலமாகச் சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும், பிறகு வந்த நலக்கேடு பணியால் வந்தது என்று அனுமானிக்க வேண்டும், அப்படி இல்லை என்று நிரூபிக்கும் சுமை அரசுடையது, சேர்க்கையின்போது கண்டுபிடித்திருக்க முடியாத நோய் என்றால் அதற்கான காரணத்தை வாரியம் எழுத வேண்டும். அதாவது 'எதனால்' என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லாதபோது, அந்த வெற்றிடம் படைவீரருக்குச் சாதகமாகவே படிக்கப்படும்.

அந்த வழக்கு 1982 விதிகளின் கீழ் வந்தது. அதன்பின் 2008 விதிகளும் 2023 செப்டம்பர் 21 முதல் புதிய விதிகளும் வந்துவிட்டன. உங்களுக்கு எது என்பது வெளியே வந்த தேதியைப் பொறுத்தது. வெளியே வந்தபின் தலைகாட்டிய நோய்க்கும் இடமுண்டு, பணிக்காலத்திலேயே உள்ளுக்குள் தொடங்கியது என்று காட்ட முடிந்தால். அதற்கான வருட வரம்பும் விதிக்கு விதி வேறு. நாகர்கோவில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போகும்போது டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் கையில் கொண்டுபோய், எந்த விதி பொருந்தும் என்பதை முதலில் கேளுங்கள்.

மூன்று கேள்விக்கும் ஒரே தாளில் அடித்தளம் போடலாம். தேதி, இடம், நடந்தது, சான்று என்று வரிவரியாக ஒரு காலவரிசை. ஒரு மாதிரி:

1994 ஆகஸ்ட்: சேர்ப்பு, முழு மருத்துவத் தகுதி. சான்று: சேர்ப்பு மருத்துவப் படிவம்.
2002 பிப்ரவரி – 2004 மார்ச்: லடாக், சுமார் 14,000 அடி, புகாரி வைத்த பங்கர். சான்று: பணியிட விவரம்.
2003 டிசம்பர்: காய்ச்சல், லே மருத்துவமனையில் ஒன்பது நாள். சான்று: கையில் இல்லை, கேட்க வேண்டும்.
2004 ஜூலை: 5 கி.மீ. ஓட்டம் முதல்முறையாக முடிக்க முடியவில்லை. சான்று: மூன்று நாள் எக்ஸ்கியூஸ் சீட்டு.
2007 மே: வருடாந்திர லீவில் மார்த்தாண்டத்தில் டாக்டர் பார்த்தது, தளர்ச்சி, உளைச்சல். சான்று: கிளினிக் சீட்டு.
2011 ஆகஸ்ட்: ஓய்வு. சான்று: வெளியேற்ற மருத்துவ வாரியத் தாள்.

இதில் மதிப்பு மிக்க வரி 2007. மருத்துவத் தகுதி குறைந்தால் பதவி உயர்வும் கோர்ஸும் போய்விடும் என்று பயந்து, யூனிட்டில் வாய் திறக்காமல் லீவில் ஊருக்கு வந்து காட்டிக்கொண்டவர்கள் ஏராளம். ராணுவ ஆவணத்தில் அது இருக்காது. பழைய பெட்டியில் கிடக்கும் அந்தச் சீட்டுதான் பணிக்காலத்திலேயே நோய் இருந்ததற்கு ஒரே சாட்சி. மை மங்குவதற்குள் நகலெடுத்து வையுங்கள்.

இல்லாத ஆவணங்களை உங்கள் ரெக்கார்ட் அலுவலகத்தில் கேட்க வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸுக்கு பெங்களூரு, சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், இ.எம்.இ.க்கு செகந்திராபாத்; விமானப்படைக்கு டெல்லி, கடற்படை மாலுமிகளுக்கு மும்பை மான்கூர்ட். கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் அஞ்சல் ஆணையோடு மனு; 30 நாளில் பதில் வர வேண்டும், நகலுக்குப் பக்கம் 2 ரூபாய். 'என் மருத்துவ ஆவணம் எல்லாம் தரவும்' என்று எழுதினால் ஒன்றிரண்டு தாள்தான் வரும். சேர்ப்பு மருத்துவப் படிவம், மருத்துவத் தகுதி மாற்றிய ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-15, வெளியேற்ற வாரியத்தின் ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-16, இந்த மருத்துவமனையில் இந்த மாதம் படுத்திருந்த கேஸ் ஷீட், பணியிடங்களின் பட்டியல், நிராகரிப்புக் கடிதம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். ஓய்வூதியம் இல்லாமல் வந்தவர்களின் ஆவணங்கள் 25 வருடத்துக்குப் பின் அழிக்கப்படும் என்பதால் அவர்கள் தாமதிக்கக் கூடாது.

16ஆம் எண் படிவம் கைக்கு வந்ததும் வாரியம் காரணம் எழுதியிருக்கும் கட்டத்தைப் பாருங்கள். 'உடலமைப்பால் வந்த நோய்' என்றோ 'அமைதிப் பகுதியில் தொடங்கியது' என்றோ ஒரே வரி இருக்கும். அந்த ஒரு வரிதான் உங்கள் மேல்முறையீட்டின் இலக்கு. அமைதிப் பகுதியில் 'தொடங்கியது' என்று அவர்கள் எழுதிய தேதி, முதலில் கண்டுபிடிக்கப்பட்ட தேதியாக இருக்கலாம். காலவரிசைத் தாள் அதற்கு முந்தைய அறிகுறியைக் காட்டும்.

நிராகரிப்புக் கடிதம் கிடைத்த 6 மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு, அதுவும் போனால் இரண்டாவது மேல்முறையீடு, பிறகு 2007 சட்டத்தின்படி அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு. திருவனந்தபுரம் பக்கம் என்றாலும் குமரி மாவட்டக்காரருக்கு கொச்சி அமர்வு பொருந்தாது. ஓய்வுபெற்றவர் குடியிருக்கும் இடமே கணக்கு. காலம் தாழ்த்திப் போனாலும் ஓய்வூதியம் தொடரும் உரிமை என்பதால் கதவு முழுக்க அடைபடாது. ஆனால் நிலுவை பொதுவாக வழக்குத் தொடுத்ததற்கு முந்தைய 3 வருடத்துக்கு மட்டுமே கிடைக்கும். சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். ஆட்களுக்கு இந்தத் தீர்ப்பாயம் கிடையாது; அவர்களுக்கு மத்திய அரசின் அசாதாரண ஓய்வூதிய விதிகளும் உயர் நீதிமன்றமும்தான்.

தனியார் டாக்டரிடம் 'ராணுவப் பணியால் வந்த நோய்' என்று ஒரு வரி எழுதி வாங்கி இணைப்பது பெரிய பயன் தராது. எந்தச் சோதனையில் என்ன தெரிந்தது, எவையெவை விலக்கப்பட்டன, நோயாளி சொன்ன தொடக்க மாதம் எது, இப்போது எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, எத்தனை நிமிடம் நிற்க முடிகிறது என்று அவர் எழுதித் தந்தால் அது எடை உள்ள தாள்.

பெயர்க் குழப்பம் இந்த மாவட்டத்தில் தனித் தலைவலி. டிஸ்சார்ஜ் புத்தகத்தில் வீட்டுப்பெயரோடு, ஆதாரில் தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு, ஞானஸ்நானப் பெயர் ஒரு இடத்தில், அழைக்கும் பெயர் இன்னொரு இடத்தில். மனைவியின் பெயரும் அப்படியே. மனு போடும் முன் ரெக்கார்ட் அலுவலகத்தில் திருத்தி, ஓய்வூதிய ஆணையில் ஏற்றிவிடுங்கள். வழக்கு நடக்கையில் கணவர் இறந்துவிட்டால் நிலுவையை வாங்க வேண்டியவர் அந்த அம்மாதான்.

இன்னும் பணியில் இருந்து, அடுத்த வருடம் வெளியே வரப் போகிறவர்களுக்கு வேலை எளிது. வெளியேற்ற வாரியத்தில் உங்கள் சொந்த வாக்குமூலத்துக்கு ஒரு பகுதி உண்டு. ரயில் டிக்கெட் எடுத்தாயிற்று, சீக்கிரம் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று அதில் 'இல்லை' என்று எழுதிவிடுவார்கள். எழுதாதீர்கள். எந்த மாதம், எந்த இடத்தில், என்ன தொடங்கியது என்று நான்கு வரி எழுதி, மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன் அந்தத் தாளின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.